பிழைத்து வந்த கண்

(வால்டோர்ஃபிலிருந்து இணைய நேரலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இந்த மாதம் கண்ணைப் பற்றிப் பேசுகிறேன் என்று சொன்னதும் ஒருங்கிணைப்பாளர், “கண்ணப்ப நாயனாரா?” என்று ஆவலாகக் கேட்டார். இல்லை, கருவில் கண் உண்டாகும் விதம் என்றேன். இரண்டு நிமிடம் பதிலே வரவில்லை. பிறகு, “சரி, இலக்கியத்தையும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள்” என்றார். சேர்க்க வேண்டிய அவசியமே இல்லை, அது ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

திருவாசகத்தில் போற்றித் திருவகவல் என்றொரு பகுதி உண்டு. அதில் மாணிக்கவாசகர் தாயின் கருவிலிருந்து தன் பயணத்தைச் சொல்லத் தொடங்குகிறார். முதல் மாதம், இரண்டாம் மாதம் என்று பத்து மாதமும் வரிசையாக வருகிறது. கரு எப்படி வளர்கிறது என்பதை அவர் சொல்வதில்லை. ஒவ்வொரு மாதமும் ஓர் ஆபத்து, அதிலிருந்து தப்பினேன், அடுத்த மாதம் இன்னொன்று, அதிலிருந்தும் தப்பினேன் என்றுதான் சொல்லிக்கொண்டு போகிறார். தப்பினேன் என்பதற்கு அவர் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் சொல் பிழைத்தல். பிறந்துவிட்டதோடு பட்டியல் முடிவதும் இல்லை. பசி, கல்வி, செல்வம் என்று வாழ்க்கை முழுக்கத் தப்பிப் பிழைத்துக்கொண்டே போகிறார்.

தமிழில் இந்தச் சொல் விசித்திரமானது. பிழை என்றால் தவறு. மழை பிழைத்தது என்றால் மழை பொய்த்தது. அதே பிழைத்தல்தான் உயிர் தப்புவது. வயிற்றுப்பாடு பிழைப்பு. தவறுவதும் உயிரோடு மிஞ்சுவதும் ஒரே வினைச்சொல்லில் இருக்கின்றன. இவை இரண்டும் ஒரே வேரா, இரண்டு வேர்கள் ஒன்றுபோல ஒலிக்கின்றனவா என்பதை மொழியியலாளர்களிடம் விட்டுவிடுவோம். கடந்த இருபது ஆண்டுகளில் கண்ணின் உருவாக்கத்தைப் பற்றி வந்த ஆய்வுகளைப் படிக்கும்போது எனக்கு இந்தச் சொல்தான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

நான் உயிரியல் படித்தவன் இல்லை. இந்த ஊரில் இருக்கும் பெரும்பாலான தமிழர்களைப் போல மென்பொருள்தான். வால்டோர்ஃப் என்றால் நம்மவர்களுக்கு எஸ்.ஏ.பி. நிறுவனம். அதற்கு முன்பு இந்த ஊரின் பெருமை, 1763இல் இங்கே பிறந்து அமெரிக்காவில் பெரும் பணக்காரரான ஜான் ஜேக்கப் ஆஸ்டர். நியூயார்க்கின் வால்டோர்ஃப் அஸ்டோரியா ஓட்டல், வால்டோர்ஃப் பள்ளிகள் எல்லாப் பெயரும் கடைசியில் இந்தச் சின்ன ஊரில்தான் வந்து முட்டும். ஆனால் இன்றைய விஷயத்துக்கு முக்கியம், இங்கிருந்து காரில் இருபது நிமிடத் தொலைவில் ஹைடல்பெர்க் இருப்பது. ஊருக்கு மேலே காட்டுக்குள் ஒரு மலைச்சரிவில் ஐரோப்பிய மூலக்கூறு உயிரியல் ஆய்வகம். கீழே நெக்கர் ஆற்றங்கரையில் பல்கலைக்கழகம். கண் எப்படி உண்டாகிறது என்பதை உயிருள்ள கருவில் நேரில் பார்த்த இடங்களில் இவை இரண்டும் முக்கியமானவை.

நேரில் பார்த்த என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நூறு ஆண்டுகளுக்கும் மேலாகக் கருவியல் நூல்களில் இருந்தவை இறந்த கருக்களின் குறுக்குவெட்டுப் படங்கள். இந்த நாளில் ஒரு வெட்டு, இரண்டு நாள் கழித்து இன்னொரு வெட்டு. நடுவில் என்ன நடந்தது என்பதை அறிஞர்கள் ஊகித்து நிரப்பினார்கள். ஒரு நாவலின் ஐந்தாவது அத்தியாயத்தையும் ஒன்பதாவது அத்தியாயத்தையும் மட்டும் படித்துவிட்டுக் கதை சொல்வதுபோல.

அந்தக் கதை இப்படிப் போகும். மூளையாகப் போகிற பகுதி முதலில் ஒரு தட்டையான தாள். அது மடிந்து குழாயாகிறது. குழாயின் முன்பக்கத்தில் இரண்டு புறமும் பலூன்போல இரண்டு புடைப்புகள் வருகின்றன. மனிதக் கருவில் இதன் தொடக்கம் ஏறக்குறைய 22ஆம் நாள். தாய்க்குத் தான் கருவுற்றிருப்பதே தெரியாத நேரம். புடைப்பு வெளித்தோலைத் தொட்டதும் அதன் முகப்பு உள்ளே குழிந்து கிண்ணமாகிறது. தோலின் ஒரு துண்டு கழன்று கிண்ணத்துக்குள் விழுந்து கண்வில்லையாகிறது. கிண்ணத்தின் உட்சுவர் விழித்திரை. வெளிச்சுவர் அதற்குப் பின்னால் இருக்கும் கரிய நிறமிப் படலம்.

பிள்ளையார் சதுர்த்திக்குக் கொழுக்கட்டை பிடித்தவர்களுக்கு இது உடனே புரியும். மாவு உருண்டைக்குள் கட்டைவிரலை விட்டுச் சொப்பு செய்வதுதான். பாடநூல் படமும் அப்படித்தான் இருந்தது. தாள் மடிகிறது, குழிகிறது, செல்கள் தாளோடு சேர்ந்து போகின்றன. அவை மாவு. விரல் எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி.

இங்கே ஒரு சின்ன விலகல். ஈழத்து நண்பர்கள் பலர் இந்த நேரலையில் இருக்கிறீர்கள். நான் செல் என்பதை நீங்கள் பள்ளியில் கலம் என்று படித்திருப்பீர்கள். நான் திசு என்பது உங்களுக்கு இழையம். கலம் என்ற சொல்லைக் கேட்டால் எனக்குப் பொறாமையாக இருக்கும். பாத்திரமும் கலம், கப்பலும் கலம். செல் என்பது சுவருக்குள் அடைபட்ட சின்ன அறையின் பெயர். கலம் புறப்பட்டுப் போகும். நான் சொல்லப்போகும் ஆய்வுக்கு உங்கள் சொல்தான் பொருத்தம். பழக்க தோஷத்தில் செல் என்றே சொல்லிப் போகிறேன், மன்னிக்கவும்.

ஆய்வுக்கு வருவோம். 2006இல் சயன்ஸ் இதழில் ஒரு கட்டுரை வந்தது. மார்ட்டினா ரெம்போல்ட், ஃபெலிக்ஸ் லூஸ்லி, ரிச்சர்ட் ஆடம்ஸ், யோஹென் விட்ப்ரோட் ஆகியோர் எழுதியது. அவர்கள் எடுத்துக்கொண்ட உயிர் மெடாக்கா என்ற மீன். ஜப்பானிய வயல்களில் வாழும் விரலளவு மீன். இதன் பேரினத்தின் பெயர் ஓரைசியாஸ். நெல்லுக்கு லத்தீன் பெயரான ஒரைசாவிலிருந்து வந்தது. நெல்மீன் என்று சொல்லலாம். இதற்கு நம் கரையிலும் உறவினர் உண்டு. சென்னை ராணுவத்தில் மருத்துவராக இருந்த ஜெர்டன் 1849இல் விவரித்த ஓர் இனத்தின் பெயர் ஓரைசியாஸ் கர்நாடிகஸ். நம் கடலோரப் பகுதிக்கு ஆங்கிலேயர் வைத்த கர்நாடிக் என்ற பெயரே அந்த மீனுக்கும் வந்துவிட்டது. மெடாக்காவின் முட்டை கண்ணாடிபோல ஒளி ஊடுருவும். கரு தாயின் வயிற்றுக்கு வெளியே வளர்கிறது. செல்களை ஒளிரச் செய்து நுண்ணோக்கியின் கீழே வைத்தால் ஒவ்வொன்றும் எங்கே போகிறது என்று மணிக்கணக்கில் பின்தொடரலாம்.

பின்தொடர்ந்தபோது தெரிந்தது இது. மூளையாகப் போகும் செல்கள் இரு பக்கத்திலிருந்தும் உடலின் நடுக்கோட்டை நோக்கி நெருங்கி வருகின்றன. தேர் நிலையிலிருந்து புறப்படும் நேரத்தில் நான்கு தெருக் கூட்டமும் சன்னதித் தெருவுக்கு வருவதுபோல. கண்ணாகப் போகும் செல்களும் அதே கூட்டத்தில்தான் இருக்கின்றன. ஆனால் அவை பின்தங்குகின்றன. மற்றவை நடுவுக்குப் போய்ச் சேரும்போது இவை அந்த வேகத்தில் போகவில்லை. பிறகு திரும்புகின்றன. ஒவ்வொரு செல்லும் தனித்தனியாக, தன் சொந்த முயற்சியில், வெளிப்பக்கமாக நகர்கிறது. அந்த நகர்வுதான் வெளியே தெரியும் புடைப்பு. பலூனை யாரும் ஊதவில்லை. உள்ளே இருந்தவர்கள் நடந்து வந்து வெளியே நின்றார்கள்.

ஆர்.எக்ஸ்-3 என்றொரு மரபணு உண்டு. அது வேலை செய்யாத மெடாக்காவுக்குக் கண்ணே வராது. கண்ணுக்கான செல்கள் செத்துப்போவதால் என்று நினைக்கத் தோன்றும். படம் வேறு கதை சொன்னது. அந்தச் செல்கள் உயிரோடு இருக்கின்றன. ஆனால் பின்தங்க மறந்துவிடுகின்றன. மூளைச் செல்களோடு சேர்ந்து அதே வேகத்தில் நடுக்கோட்டுக்குப் போய் அங்கேயே நின்றுவிடுகின்றன. கண்ணாவதற்கு முதல் தகுதி தயங்குவது. இதை முதலில் படித்தபோது நான் எழுந்து வீட்டுக்குள் இரண்டு சுற்று நடந்தேன்.

இதுபோன்ற ஆய்வுகளுக்கு உதவும் ஒரு கருவியும் இந்த வட்டாரத்தில் உருவானதுதான். ஹைடல்பெர்க் ஆய்வகத்தில் எர்ன்ஸ்ட் ஸ்டெல்ட்ஸர் குழு 2004இல் அறிவித்த நுண்ணோக்கி, கருவின் வழியே காகிதம்போல மெல்லிய ஒளித்தகடு ஒன்றைச் செலுத்துகிறது. ஒளி படும் அடுக்கு மட்டுமே தெரியும். மற்ற இடங்களில் ஒளி படாததால் கரு கருகிச் சாவதில்லை. 2008இல் அதே முறையில் வரிமீனின் கருவை 24 மணிநேரம் விடாமல் படம் பிடித்து, ஆயிரக்கணக்கான செல்களின் பாதைகளை வரைந்தார்கள். வரிமீன் என்று நான் சொல்வது மீன்தொட்டிகளில் நீலக்கோடு போட்டு ஓடுமே, அது. அதுவும் நம் நாட்டு ஓடைகளின் மீன்தான்.

சரி, புடைப்பு வந்தாயிற்று. கிண்ணம் எப்படி வருகிறது? கொழுக்கட்டைக் கதையில் கண்வில்லைதான் கட்டைவிரல். அது அழுத்துவதால் குழி விழுகிறது. ஹான்ஸ் ஸ்பேமன் 1901இல் தவளைக் கருவில் கண்ணின் தொடக்கத்தை அழித்துவிட்டுப் பார்த்தார். அந்தப் பக்கம் வில்லை உண்டாகவில்லை. கிண்ணமும் வில்லையும் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன என்பது அப்போதே தெரிந்துவிட்டது. அதனால் வில்லை இல்லாமல் கிண்ணமும் இல்லை என்று பலர் நம்பினார்கள். 2011இல் ஜப்பானில் யோஷிகி சசாய் குழுவினர் எலியின் கருத் தண்டுசெல்களை வளர்ப்புத் திரவத்தில் விட்டுப் பார்த்தார்கள். வில்லை இல்லை, தோல் இல்லை, தாய் இல்லை. செல்கள் தாமாகப் புடைத்து, தாமாகக் குழிந்து, கிண்ணமாயின. அடுத்த ஆண்டு மனிதச் செல்களிலும் அதைச் செய்தார்கள். விரல் தேவையில்லை, மாவே சொப்பாகும்.

2015இல் மீண்டும் ஹைடல்பெர்க். ஸ்டெஃபான் ஹேர்மன், விட்ப்ரோட் முதலானோர் வரிமீனின் கண்ணில் கிண்ணம் உருவாவதைப் படம் பிடித்தார்கள். கிண்ணத்தின் வெளிச்சுவர் முழுக்க நிறமிப் படலமாகும் என்பதுதானே பழைய கதை. இவர்கள் பார்த்தபோது வெளிச்சுவரின் செல்களில் பெரும்பகுதி ஓடிக்கொண்டிருந்தது. விளிம்பைச் சுற்றி வளைந்து, வெளியிலிருந்து உள்ளே, ஒரு தாளாகவே வழிந்து, விழித்திரையோடு சேர்கிறது. தோசைக்கல்லில் மாவு பரவுவதற்கு நேர்மாறாக, ஓரத்திலிருந்து உள்ளே. மிஞ்சிய கொஞ்சம் செல்கள்தான் தட்டையாகப் பரந்து பின்புறத்தை மூடும் நிறமிப் படலமாகின்றன. இரண்டு ஆண்டு கழித்து டிரெஸ்டனில் ஜெய்தீப் சிதாயேவும் காரன் நார்டனும் இந்த விளிம்புச் செல்கள் அடித்தளத்தைப் பற்றிப் பற்றி ஊர்வதைக் காட்டினார்கள். இவை வெறுமனே தள்ளப்படுவதில்லை, முன்னங்கால்போல ஒன்றை நீட்டிப் பிடித்துக்கொண்டு நகர்கின்றன.

மீனில் கண்டதை அப்படியே மனிதருக்கு ஒப்பிக்கக் கூடாது. பாலூட்டிகளில் செல்கள் மீனில்போல உதிரியாக நடப்பதைவிடத் தாளாகவே வளைகின்றன. கால அளவு வேறு, பருமன் வேறு. ஆனால் மரபணுக்கள் பெரும்பாலும் அதே குடும்பம். கிண்ணத்தின் வடிவமும் அதே வடிவம். அந்த வடிவத்தில் இருக்கும் ஓர் இடைவெளியைப் பற்றித்தான் நான் அதிகம் பேச விரும்புகிறேன்.

விழிக்கிண்ணம் முழுக் கிண்ணம் இல்லை. அதன் அடிப்பக்கத்தில் ஒரு பிளவு இருக்கிறது. ஒரு பக்கம் வாய் பிளந்த கிண்ணம். நம் எல்லோருக்கும் இருந்தது. அந்தப் பிளவு வழியாகத்தான் வளரும் கண்ணுக்கு ரத்தக்குழாய் உள்ளே போகிறது. விழித்திரையிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பிழைகளும் அதன் வழியாகத்தான் வெளியேறுகின்றன. பிளவு இல்லையென்றால் கண் இருக்கும், மூளைக்குச் செய்தி போகாது. வேலை முடிந்ததும் பிளவு மூடவேண்டும். மனிதக் கருவில் ஐந்தாவது வாரத்தில் நடுவில் தொடங்கி, இரு பக்கமும் தைத்துக்கொண்டு போய், ஏழாவது வாரத்துக்குள் முடிகிறது. இரண்டு வார வேலை.

மூடாமல் நின்றுவிட்டால் அதற்குப் பெயர் கொலோபோமா. நீங்கள் பார்த்திருக்கலாம். கண்மணி வட்டமாக இல்லாமல் கீழ்ப்பக்கம் சாவித்துவாரம்போல இழுத்திருக்கும். அது முன்பக்கத்தில் மட்டும் இருந்தால் வெயிலில் கண் கூசும், பார்வை பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். விழித்திரையின் நடுப்பகுதியையோ நரம்பையோ தொட்டிருந்தால் பார்வை மிகவும் குறையும்.

ஹேர்மன் குழு கண்டதில் இதுதான் என்னை நிறுத்தியது. விளிம்பைச் சுற்றிச் செல்கள் வழிந்து வருவதற்கு, பி.எம்.பி. என்ற சமிக்ஞைப் புரதம் அந்த இடத்தில் அடக்கி வைக்கப்படவேண்டும். அதை அவர்கள் வேண்டுமென்றே அதிகமாக்கினார்கள். ஓட்டம் நின்றது. உள்ளே வந்து சேரவேண்டிய செல்கள் வெளிச்சுவரிலேயே தங்கி அங்கேயே விழித்திரையாக மாறின. அடியில் பிளவு திறந்தே கிடந்தது. இதுவரை கொலோபோமா என்றால் பிளவின் இரு கரைகளும் ஒட்டாத குறை என்றுதான் பேசிவந்தார்கள். இந்த மீன்களில் ஒட்டும் கட்டத்துக்கே போகவில்லை. ஒட்டவேண்டிய கரைகள் வந்தே சேரவில்லை. கைகுலுக்க மறுத்தார்கள் என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தோம். அவர்கள் இன்னும் ரயிலில் இருந்தார்கள்.

கிரகணத்தன்று வயிற்றுப்பிள்ளைக்காரியை வெளியே விடக்கூடாது, அரிவாள்மனையில் உட்காரக்கூடாது, கத்தியைத் தொடக்கூடாது என்று நம் வீடுகளில் சொல்வார்கள். மீறினால் பிள்ளைக்கு அங்கம் பின்னப்படும். உதடு பிளந்த பிள்ளை பிறந்தால் முதல் கேள்வி, அன்றைக்கு நீ என்ன நறுக்கினாய்? கண்மணி பிளந்து பிறந்தாலும் கேள்வி அதேதான். இந்தக் கேள்விக்குப் பயந்து கிரகண நாளில் ஜெர்மனியில் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் பட்டதாரிப் பெண்களை நான் அறிவேன். சூரியனோ சந்திரனோ மறைவதைப் பார்ப்பதில் கருவுக்கு ஒன்றும் ஆகாது என்று அவர்களுக்கே தெரியும். பயம் கிரகணத்தைப் பற்றியது இல்லை. ஏதாவது ஆகிவிட்டால் பிறகு வரப்போகும் கேள்வியைப் பற்றியது.

அந்தக் கேள்வியில் ஒரு முன்முடிவு ஒளிந்திருக்கிறது. முழுதாக இருந்த ஒன்றை யாரோ வெட்டினார்கள் என்பதுதான் அது. கருவியல் நேர்மாறாகச் சொல்கிறது. மேலுதடும் தனித்தனி மடிப்புகளாகத்தான் வந்து ஒட்டுகிறது. கண்ணும் திறந்த பிளவோடுதான் தொடங்குகிறது. யாரும் எதையும் வெட்டவில்லை. பல குழந்தைகளில் காரணமான மரபணுவை இன்றும் சுட்டிக்காட்ட முடிவதில்லை, சிலரில் முடிகிறது. நெருங்கிய சொந்தத்தில் மணம் செய்யும் குடும்பங்களில் ஒடுங்கிய மரபணுக் குறைகள் வெளிப்படும் வாய்ப்பு கூடும், அதைச் சொல்லத்தான் வேண்டும். மரபணு ஆலோசனை அதற்குத்தான் இருக்கிறது. அதுவும் தாயின் தலையில் மட்டும் வைக்கும் கணக்கு இல்லை.

இன்னொரு பிளவைப் பற்றி ஒரு வார்த்தை. கருவின் ஆரம்பத்தில் கண்ணுக்கான பகுதி இரண்டாக இருப்பதில்லை. நடுவில் ஒன்றே ஒன்று. அதன் அடியிலிருந்து வரும் சோனிக் ஹெட்ஜ்ஹாக் என்ற சமிக்ஞை அதை இரண்டாகப் பிரிக்கிறது. அமெரிக்காவின் ஐடஹோவில் ஒற்றைக் கண்ணோடு ஆட்டுக்குட்டிகள் பிறந்தன. சினையாடுகள் 14ஆம் நாள் வாக்கில் மேய்ந்த ஒரு மலைச்செடியின் நஞ்சு அந்தச் சமிக்ஞையைத் தடுத்ததுதான் காரணம் என்று பின்னால் தெரிந்தது. ஹெட்ஜ்ஹாக் என்ற பெயர் ஈக்களின் மரபணு ஒன்றுக்கு, நான் முன்பு சொன்ன அதே ஹைடல்பெர்க் மலை ஆய்வகத்தில், கிறிஸ்டியானே நியூஸ்லைன்-ஃபோல்ஹார்டும் எரிக் வீஷவுஸும் வைத்தது. 1980இல் அந்தக் கட்டுரை வந்தது, 1995இல் நோபல் பரிசு. ஹோமரின் ஒற்றைக்கண் அரக்கனிலிருந்து ஈயின் புழு வரைக்கும் வழி போகிறது. இதைத் தனியாகவே ஒரு நாள் பேசவேண்டும்.

தாயின்மேல் பழி போடாதே என்று சொல்லிவிட்டு, வெளியிலிருந்து வரும் காரணமே கிடையாது என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். 1941இல் சிட்னியில் நார்மன் கிரெக் என்ற கண் மருத்துவர், கண்புரையோடு பிறந்த குழந்தைகள் திடீரென்று அதிகமாவதைக் கவனித்தார். தாய்மார்களுக்குக் கர்ப்பத்தின் தொடக்கத்தில் ரூபெல்லா வந்திருந்தது. லேசான காய்ச்சல், மூன்று நாள் தடிப்பு, அவ்வளவுதான். ஆனால் அந்த வைரஸ் கருவின் வில்லைக்குள் புகுந்துவிட்டால் பிறந்த பிறகும் நெடுநாள் அங்கே உயிரோடு இருக்கும். 1976இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையில், 1990களில் கண்புரையுள்ள குழந்தைகளை ஆராய்ந்தார்கள். ஒரு வயதுக்குட்பட்டவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்குக் காரணம் ரூபெல்லா. அங்கே டாக்டர் பி. விஜயலட்சுமி இதைப் பல ஆண்டுகள் விடாமல் பின்தொடர்ந்தார்.

தடுப்பூசி இருக்கும் நோய் இது. 2017 பிப்ரவரியில் தமிழ்நாடு உள்ளிட்ட ஐந்து இடங்களில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியபோது என்ன நடந்தது? வாட்ஸ்அப்பில் வதந்தி. பெற்றோர் பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்ப மறுத்தார்கள். முகாமின் காலத்தை நீட்டிக்க வேண்டியிருந்தது. அந்தச் செய்திகள் என் கைப்பேசிக்கும் வந்தன, வெளிநாட்டு எண்களிலிருந்து. வந்தவை எல்லாம் நல்ல தமிழில் எழுதப்பட்டிருந்தன என்பதுதான் எனக்கு வருத்தம். அரிவாள்மனையைத் தொட்ட பெண்ணைக் கேள்வி கேட்கும் அதே சமூகம், ஊசி வேண்டாம் என்பதை மட்டும் யோசிக்காமல் அடுத்தவருக்கு அனுப்பியது.

அடுத்து, தாமதமாக நடக்கும் ஒரு பயணம். விழித்திரைக்குள் ரத்தக்குழாய்கள் தாமதமாகத்தான் வருகின்றன. ஏறக்குறைய 16ஆம் வாரத்தில் பார்வை நரம்பு நுழையும் இடத்திலிருந்து புறப்பட்டு, நான்கு பக்கமும் ஊர்ந்து, மூக்குப் பக்க விளிம்பை 36ஆம் வாரத்திலும் காதுப் பக்க விளிம்பை 40ஆம் வாரத்திலும் தொடுகின்றன. வழிகாட்டுவது பசி. முன்னால் இருக்கும் விழித்திரைக்கு ஆக்சிஜன் போதவில்லை, அது ஒரு புரதத்தைக் கசியவிட்டுக் கூப்பிடுகிறது. குழாயின் நுனிச்செல்கள் அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டு முன்னேறுகின்றன.

குழந்தை 29ஆம் வாரத்தில் பிறந்துவிட்டால்? குழாய்கள் பாதி வழியில் நிற்கின்றன. மூச்சுக்காக ஆக்சிஜன் கொடுக்கிறோம், கொடுக்காவிட்டால் பிள்ளை இருக்காது. விழித்திரைக்குப் பசி அடங்கிவிடுகிறது, அது கூப்பிடுவதை நிறுத்துகிறது. குழாய்கள் நின்றுவிடுகின்றன. சில வாரம் கழித்து ஆக்சிஜனை எடுத்துவிடுகிறோம். அதற்குள் வளர்ந்துவிட்ட விழித்திரைக்குக் கடும் பசி. அது அலறுகிறது. குழாய்கள் வழி தெரியாமல் கண்ணின் உட்கூழுக்குள் தாறுமாறாக முளைத்து, தழும்பாகி, விழித்திரையையே பிய்த்து இழுத்துவிடுகின்றன. 1940களில் அமெரிக்காவின் புதிய இன்குபேட்டர்கள் ஏராளமான குழந்தைகளைக் காப்பாற்றின, கூடவே பார்வையையும் எடுத்துக்கொண்டன. 1950இல் குறைமாதத்தில் பிறந்த ஸ்டீவி வொண்டர் அவர்களில் ஒருவர்.

1996 ஆகஸ்டில் சென்னை எழும்பூரில் அரசு மருத்துவமனையில் ஒரு பெண்குழந்தை பிறந்தது. 29ஆம் வாரம், எடை 1,250 கிராம். இன்குபேட்டரில் வைத்துப் பிழைக்க வைத்தார்கள். கண்ணைப் பரிசோதிக்கவேண்டும் என்று பெற்றோரிடம் யாரும் சொல்லவில்லை. தெரியவந்தபோது இரு கண்ணிலும் பார்வை போயிருந்தது. வழக்கு நுகர்வோர் ஆணையம் வழியாக உச்சநீதிமன்றம் வரை போனது. 2015 ஜூலை 1 அன்று, ஏறக்குறைய 1.8 கோடி ரூபாய் இழப்பீடு என்று தீர்ப்பு வந்தது. அப்போது அந்தப் பெண்ணுக்கு 18 வயது. இந்தியாவில் குறைமாதக் குழந்தைகளின் கண் பரிசோதனை பற்றி மருத்துவர்கள் பேசும்போதெல்லாம் இந்தத் தீர்ப்பு வருகிறது. அந்தத் தீர்ப்பில் என்னைப் பிடித்து உலுக்குவது பணத்தொகை இல்லை. தேவைப்பட்டது சில வாரங்களுக்குள் ஒருமுறை கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்ப்பது. உரிய நேரத்தில் லேசர் கொடுத்தால் பெரும்பாலும் காப்பாற்ற முடிகிற நோய் அது.

இந்தியாவில் இப்போதைய விதி எளிமையானது. 34 வாரத்துக்கு முன் பிறந்தாலோ, எடை 2,000 கிராமுக்குக் குறைந்தாலோ, பிறந்த முப்பது நாளுக்குள் விழித்திரையைப் பார்த்துவிடவேண்டும். மிகவும் சிறிய குழந்தைகளுக்கு இன்னும் முன்னதாக. கர்நாடகத்தில் 2008 முதல் கிட்ராப் என்ற திட்டம் கேமராவை எடுத்துக்கொண்டு சிற்றூர் மருத்துவமனைகளுக்கே போகிறது. ஊரில் உங்கள் தங்கைக்கோ மைத்துனிக்கோ முன்கூட்டியே பிள்ளை பிறந்தால், எடை என்ன, பெயர் என்ன என்று கேட்கும் அதே தொலைபேசியில், கண்ணைப் பார்த்தார்களா என்றும் கேளுங்கள்.

நிறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கும் கண் முடிந்துவிடுவதில்லை. விழித்திரையின் நடுவில் ஒரு சின்னக் குழி இருக்கிறது. நீங்கள் எழுத்துகளைப் படிப்பதும் முகங்களை அடையாளம் காண்பதும் அந்தக் குழியால்தான். பிறக்கும்போது அது அரைகுறை. அதை மூடியிருக்கும் உட்செல்கள் மெல்ல வெளிப்புறமாக விலகுகின்றன. நிறம் காணும் கூம்புசெல்கள் வெளியிலிருந்து நடுவை நோக்கி நெருங்குகின்றன. சியாட்டிலில் அனிதா ஹென்ட்ரிக்சன் 1986இல் வெளியிட்ட ஆய்வில், 45 மாதக் குழந்தையின் கண்ணில்கூட கூம்புசெல்களின் நெருக்கம் பெரியவர்களில் இருப்பதில் பாதிதான். மழலையர் பள்ளியில் அ எழுதப் பழகும் பிள்ளையின் கண்ணுக்குள் இன்னும் ஆட்கள் வந்துகொண்டிருக்கிறார்கள். மாணிக்கவாசகரின் பட்டியல் பத்தாம் மாதத்தோடு நிற்காதது சரிதான்.

என் நேரம் முடிந்துவிட்டது என்று ஒருங்கிணைப்பாளர் கையைக் காட்டுகிறார். கொலோபோமா உள்ள குழந்தையின் பெற்றோர் ஒருவர் உரையாடல் பெட்டியில் கேள்வி போட்டிருப்பது தெரிகிறது. அதை முதலில் எடுத்துக்கொள்வோம்.